சித்திக்கு மூன்றாம் விதி

புள்ளி வைக்க மறந்துவிட்டேன், அதனால்தான் அது பேசாமல் இருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டர் மொழியில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் புள்ளி வைத்தே ஆகவேண்டும், வைக்காவிட்டால் தப்பு என்றுகூடச் சொல்லாது, அடுத்த வரியில் ஒரு செங்குத்துக் கோட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும், நீ இன்னும் பேசி முடிக்கவில்லை, முடி, நான் இருக்கிறேன் என்பதுபோல. முதல் நாள் இது தெரியாமல் நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். இந்த வீட்டில் அப்படிக் காத்திருக்கிற பொறுமை யாருக்கும் கிடையாது. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் அம்மா முடித்துவிடுவாள், அம்மா விட்டதை அப்பா முடித்துவிடுவார், முடித்த பிறகு அது நான் சொன்னதாக ஆகிவிடும். ரேணு பச்சைக் கலர்தான் வேணும்னா. ரேணு விலங்கியல்தான் படிப்பேன்னா. எப்போது சொன்னேன் என்று எனக்கே சந்தேகம் வந்து, சொல்லியிருப்பேனாக்கும் என்று பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு விலங்கியல் படித்து முடித்தேன். இப்போதும் கூடத்தில் ஒரு வாக்கியம் என் பெயரில் தயாராகிக்கொண்டிருக்கிறது. கூடத்துக்கும் இந்த அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான், மின்விசிறிக் காற்றில் அது உப்புவதும் ஒட்டுவதுமாக மூச்சு விடுகிறது, அது உப்பும்போது பூரணம் அத்தையின் குரல் உள்ளே வருகிறது. அத்தை அப்பாவுக்கு அக்கா, காலையில் தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள், எதற்கு வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். "தெவசம் முடிஞ்சிட்டு. இனிமே நல்ல காரியம் பேசலாம். தள்ளிப் போட்டேன்னு வையி, அவுக வேற எடத்துல பேசிருவாக." "சின்னவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா அக்கா." "கேளேன், யாரு வேண்டாம்னா? அவ என்ன சொல்லப்போறா? இப்பமே அந்தப் பிள்ளைக்குச் சித்திதான, நாளைக்கும் சித்திதான். கூப்பிடுத வார்த்தைகூட மாறாது." பிள்ளை என்றது மகிழினியை, என் அக்கா மேனகாவின் மகளை. என் பக்கத்தில் பாயில் குப்புறக் கிடந்து தூங்குகிறாள், வாயோரம் எச்சில் காய்ந்து வெள்ளையாக இருக்கிறது. சாயங்காலக் காபிக்குள் சாத்தூரிலிருந்து அத்தானின் அம்மா போன் பண்ணுவாள், அதற்குள் அப்பா இந்தத் திரைக்கு வெளியே நின்று என்னைக் கேட்பார், உள்ளே வரமாட்டார், வெளியே நின்றுதான் கேட்பார், செத்துப்போன அக்காவின் புருஷனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று. நான் வாயைத் திறக்க வேண்டும். புள்ளி வைத்துவிட்டேன். செங்குத்துக் கோடு போய்க் கேள்விக்குறி வந்துவிட்டது.

இதை எதற்குப் படிக்கிறாய் என்று கேட்காதவர்கள் இல்லை. சாப்பிடும்போதுகூட அத்தை கேட்டாள். "என்னட்டி, அந்த டப்பாவ எப்பப் பாத்தாலும் தட்டிக்கிட்டே இருக்க, வேலைக்கா?" "இல்ல அத்தை, சும்மாதான்." "சும்மாவா? கரண்டு சும்மாவா வருது?" அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கம்ப்யூட்டர் படிக்கா மதினி, வீட்டுல இருந்தே வேலை பாக்கலாமாம்" என்றாள், அதுவும் நான் சொன்னதாக ஆகிவிட்டது. இந்த மொழிக்கு, ப்ரோலாக் என்று பெயர், ஒருவரும் வேலை தரமாட்டார்கள். சென்னையில் கம்பெனியில் இருக்கிற பெரியப்பா மகன் கேட்டுவிட்டுச் சிரித்தான், ப்ரோலாக்கா, அதை யாரு ரேணு இப்பத் தொடுதா, எங்க கம்பெனியில கெழவனுக்குக்கூட அது மறந்திருக்கும், பைத்தான் படி, ஜாவா படி, ஏதாவது பிரயோஜனமா படி என்றான். எனக்குப் பிரயோஜனம் வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. அக்கா போன பிறகு இந்த வீட்டில் எல்லாமே பிரயோஜனமாகிக்கொண்டிருந்தது. அவளுடைய செருப்பு அம்மாவுக்குச் சரியாக இருந்தது. அவளுடைய நைட்டிகளை வீணாக்குவானேன் என்று அம்மா போட்டுக்கொண்டாள், இப்போதும் அடுக்களையில் அந்த ஊதாப் பூப்போட்டதைத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறாள், முதுகுப்பக்கம் பார்த்தால் அக்கா, பிறகு திரும்புவாள், அம்மாதான். அவளுடைய டிபன் டப்பாவில் இப்போது மகியின் பிஸ்கட். மிச்சம் இருந்தது அத்தானும் மகியும், அந்த இடத்துக்குச் சரியாக இருப்பவள் நான். அளவு எடுக்கக்கூட வேண்டாம். அப்போதுதான், பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த, பேட்டரி செத்து எந்நேரமும் வயரில் தொங்கிக்கொண்டிருக்கிற இந்த லேப்டாப்பில், எதையோ தேடப்போய் இந்தப் பாடம் கிடைத்தது. யாரோ ஒரு வாத்தியார் எந்த நாட்டிலோ பிள்ளைகளுக்கு எழுதி வைத்துவிட்டு மறந்துபோன பாடம். மற்ற மொழிகளில் இதைச் செய் அதைச் செய் என்று ஏவ வேண்டும், இதில் ஏவ வேண்டாம், என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, பிறகு கேட்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. அது போதும் என்று இருந்தது. யாருக்கும் ஆகாத ஒன்று, யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுபோய்ப் பயன்படுத்த முடியாத ஒன்று.

முதலில் தகவல்களைச் சொல்ல வேண்டும், இன்னார் இன்னாருக்கு அம்மா, இன்னார் இன்னாருக்கு அப்பா. பிறகு விதிகளைச் சொல்ல வேண்டும். பாடத்தில் இருந்த சொல்லுக்கு விதி என்றுதான் எனக்குத் தமிழில் தோன்றியது. தோன்றியதும் கை நின்றுவிட்டது. விதி என்ற சொல்லை நான் அதற்குமுன் கேட்டது ஆஸ்பத்திரி வாசலில், நடந்தே உள்ளே போன அக்கா, காய்ச்சல்தான் சித்தப்பா என்று வாசலில் யாரிடமோ சிரித்துப் பேசிவிட்டுப் போனவள், ஒரு வாரத்துக்குள் துணி சுற்றி வெளியே வந்தபோது, கூடியிருந்த அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள், டெங்கு என்று டாக்டர் சொன்னதை யாரும் சொல்லவில்லை. பாடத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். அவர்களுக்கு ஆன்ட்டி என்று ஒரே சொல், அம்மாவின் அக்கா, அம்மாவின் தங்கை, அப்பாவின் தங்கை, மாமன் பெண்டாட்டி எல்லாவற்றுக்கும் ஒரே விதியில் கதை முடிந்துவிடும். நான் நம்முடையதை எழுதத் தொடங்கினேன், அப்போதுதான் தெரிந்தது நாம் எவ்வளவு நுணுக்கமாகப் பூட்டு போட்டு வைத்திருக்கிறோம் என்று. பெரியம்மாவுக்கும் சித்திக்கும் யார் மூத்தவள் என்று தனியாகச் சொல்லவேண்டும். மேனகா ரேணுகாவுக்கு மூத்தவள், புள்ளி. மேனகா மகிழினிக்கு அம்மா, புள்ளி. மேனகா சண்முகவேலுக்கு, அத்தானுக்கு, மனைவி, புள்ளி. சண்முகவேல் மகிழினிக்கு அப்பா, புள்ளி. ஆங்கில எழுத்தில்தான் அடித்தேன், ஆனால் மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டேதான் அடித்தேன். அடித்து முடித்து, மகிழினிக்கு அம்மா யார் என்று கேட்டேன். மேனகா என்றது. யோசிக்கவே இல்லை. இருக்கிறாள் என்றோ இருந்தாள் என்றோ அதற்குக் கிடையாது, அந்த மொழியில் காலமே இல்லை. மறுபடி கேட்டேன், மேனகா, மறுபடி, மேனகா. அன்றைக்கு முழுக்க வேறொன்றும் செய்யவில்லை. இந்த வீட்டில் ஒரு வருஷமாக யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, பெரியவ என்பார்கள், அவ என்பார்கள், போன பிள்ளை என்பார்கள், மகிக்கு எதிரில் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள், படத்துக்கு மேல் சீரியல் பல்பு மட்டும் சிவப்பாக மினுக் மினுக்கென்று இருக்கும். கேட்டவுடன் தயங்காமல் அவள் பெயரைச் சொல்வது இது ஒன்றுதான். ஒரு தகவலைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு கட்டளை இருக்கிறதென்று நேற்று படித்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு படித்தேன், ஏதோ பார்க்கக் கூடாத படம்போல.

கூடத்தில் பேச்சு நின்றிருக்கிறது. நின்றால்தான் பயம். இல்லை, அத்தை வெற்றிலை போடுகிறாள், பாக்குவெட்டிச் சத்தம். "மாப்பிள்ளை என்ன சொன்னாராம்?" அப்பா கேட்கிறார். "போன ஞாயித்துக்கெழமை நானே போன்ல கேட்டுட்டேன்லா." "என்ன சொன்னாரு?" "ஒண்ணும் சொல்லல. அதான் சரிங்காரே." அப்பா சிரித்தார், சிரிப்பா இருமலா. அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், மகியைப் பார்க்க, கையில் எப்போதும் ஒரு பொட்டலம் காராச்சேவு, அதை நேராக என்னிடம் தரமாட்டார், திண்டாடிக்கொண்டு டிவி மேல் வைப்பார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம், அப்பா அந்த ஆளு வேண்டாம் என்று சொல்லிவிடலாம், காரணம் இருக்கும், காரணத்தை மற்றவர்களே சொல்லிவிடுவார்கள், நான் தலையாட்டினால் போதும். மின்வாரியத்தில் வேலை, குடி கிடையாது, அக்கா செத்த அன்று கொல்லைப்புறம் போய்த் தண்ணீர்த்தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன், அதை அவர் பார்த்தார். அதிலிருந்து என்னோடு பேசும்போது என் தோளுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறார். அவரையும் யாரும் கேட்கவில்லை. அவர் பேசாததையும் எடுத்துக்கொண்டார்கள், நான் பேசாததையும் எடுத்துக்கொள்ளப்போகிறார்கள், இரண்டு பேசாமைகளையும் சேர்த்து ஒரு கல்யாணம். இங்கே அப்படித்தான், சொல்லவில்லை என்றால் ஆமாம். இதோ இந்த மொழியில் நேர் எதிர். அதற்கு நாம் சொல்லாதது எதுவானாலும் இல்லைதான். மகிழினிக்கு மாமா உண்டா என்று கேட்டால் இல்லை என்னும், சொல்லவில்லையே, அதனால் இல்லை. நாளை மழை பெய்யுமா, இல்லை. ரேணுகா சண்முகவேலுக்கு மனைவியா, இல்லை, அது ஆங்கிலத்தில் ஃபால்ஸ் என்கிறது, நான் இல்லை என்று படித்துக்கொள்வேன். எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் இல்லை. யாராவது வாய் திறந்து சொன்னால்தான் ஒன்று உண்டு, சொல்லாதவரை கிடையாது. இதைப் படித்த அன்று, இதற்காக அழுவார்களா, அழுதேன், மகி தன் பாவாடையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள், அவளுக்குக் கண் எது மூக்கு எது என்கிற கவலை கிடையாது.

ஆனால் வேண்டாம் என்றால் மகி. இதில் வந்துதான் ஒவ்வொரு தடவையும் முட்டி நிற்கிறது. வேண்டாம் என்றால் அத்தானுக்கு வேறு பெண் பார்ப்பார்கள், பார்க்காமல் விடமாட்டார்கள், சாத்தூர் அத்தை, அதுதான் அத்தானின் அம்மா, ஏற்கெனவே அருப்புக்கோட்டையில் ஒரு டீச்சரைச் சொல்லி வைத்திருக்கிறாளாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், நியாயந்தானே, அவர்கள் பிள்ளை. அந்த டீச்சரை மகி என்னவென்று கூப்பிடுவாள். சித்தி. அதே சொல். அவள் சித்தி என்று கூப்பிடும்போது வேறொருத்தி ஏன் என்று திரும்புவாள், வேறொருத்தி தலைக்குத் தண்ணீர் ஊற்றுவாள், கண்ணில் சோப்புப் பட்டால் பிள்ளை ஊதச் சொல்லுமே, எந்தக் கண் என்று அவளுக்குத் தெரியுமா, மகி எப்போதும் வலி இல்லாத கண்ணைத்தான் காட்டுவாள். சித்திக்கு நான் இரண்டு விதிதான் எழுதியிருந்தேன். அம்மாவுக்குத் தங்கை சித்தி, முதல் விதி. சித்தப்பாவுக்கு மனைவி சித்தி, இரண்டாம் விதி. மூன்றாவது ஒன்று இருப்பது எழுதத் தொடங்கிய அன்றே தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும், எழுதாமல் தாண்டித் தாண்டி மாமன்முறைக்கும் கொழுந்தன்முறைக்கும் போய்விட்டேன். அப்பாவுக்கு மனைவி சித்தி. எப்படி இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தார்கள், யார் வைத்தார்கள், அம்மா செத்தால் தங்கை வருவாள் என்று முன்கூட்டியே தெரிந்து ஒரு பெயரை மிச்சப்படுத்திக்கொண்டார்களா, பெண் பிறந்தவுடனேயே, அக்காவுக்குப் பின்னால் பிறந்தவுடனேயே, அந்தப் பெயரில் இரண்டாவது கதவு திறந்து கிடக்கிறதா. மேனகா, ரேணுகா. அப்பா ஆசையாக வைத்தது, ஒன்றின் வால் மற்றதிலும் இருக்கட்டும் என்று. தலையை மட்டும் மாற்றினால் போதும். இன்றைக்கு எழுதிப் பார்த்துவிடலாம், அப்பா வந்து கேட்பதற்குள், ஒரே ஒரு முறை, எழுதினால் என்ன, கழுத்திலா ஏறிவிடும். மூன்றாம் விதி, ஒருவருடைய அப்பாவுக்கு மனைவி அவருக்குச் சித்தி, புள்ளி. அதோடு ஒரு பொய்த் தகவலும், ரேணுகா சண்முகவேலுக்கு மனைவி, புள்ளி. அடிக்கும்போது விரல் நுனி குளிர்ந்திருந்தது, வெளியே அவ்வளவு வெயில். ஏதோ எச்சரிக்கை மஞ்சளாக வந்தது, இந்தப் பெயர் இந்த வரியில் ஒரே ஒரு தடவைதான் வருகிறது, கவனி என்பதுபோல. எந்தப் பெயரும் ஒரு தடவைதானே வரும். நான் கவனிக்கவில்லை. கேட்டேன், மகிழினிக்குச் சித்தி யார்.

ரேணுகா என்றது. அது முதல் விதி, அது நான். இன்னும் இருக்கிறது என்று அந்த வரியின் ஓரத்திலேயே காத்து நின்றது, வேறு யாராவது உண்டா என்று கேட்க அரைப்புள்ளி அடிக்க வேண்டும், அடித்தேன். மேனகா என்றது. மகிழினிக்குச் சித்தி மேனகா. எனக்குப் பின்னால் யாரோ பாயை மிதித்ததுபோல இருந்தது. திரும்பவில்லை. திரும்பக் கூடாது. மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன், தப்பு என்னுடையதுதான், அப்பாவுக்கு மனைவி என்று எழுதினேனே தவிர, பெற்ற அம்மா தவிர என்று எழுதவில்லை, அதை யாராவது எழுதுவார்களா, மனிதர்களிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லையே, அம்மா எப்படிச் சித்தி ஆவாள். சொல்லாததால் ஆகிவிட்டாள். தன் பிள்ளைக்குத் தானே சித்தியாகி, வாசலில் நின்று, யாரோ ஒரு பெண்ணாக உள்ளே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் உள்ளே போனால் அவள் வெளியே போக வேண்டும், ஒரே இடம்தான் இருக்கிறது. சாத்தூர் வீட்டுக் கட்டில், ஜன்னல் பக்கம் அவள் படுப்பாளாம், குளிரும்டி என்பாள், அந்தப் பள்ளத்தில் என் முதுகு. அடுப்பு மேடையில் அவள் உயரத்துக்கு அடித்த ஆணி, அதற்கு என் கை எட்டும். எட்டுமே, எல்லாம் எட்டும், அதுதானே. கோடு இன்னும் காத்திருந்தது. இன்னும் யார். அரைப்புள்ளி. இந்த முறை பெயர் வரவில்லை. ஆமாம் என்று மட்டும் வந்தது. யார் என்று கேட்டதற்கு ஆமாம் என்றால். மறுபடி கேட்டேன், அதேதான், ரேணுகா, மேனகா, பிறகு பெயரில்லாமல் ஒரு ஆமாம். சும்மா அம்மாவின் பெயரைப் போட்டேன், மகிழினிக்கு விசாலம் சித்தியா. ஆமாம். பூரணம் சித்தியா. ஆமாம். சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். அருப்புக்கோட்டை டீச்சரின் பெயர் தெரியாது, டீச்சர் என்றே போட்டேன், ஆமாம். நாற்காலி என்று போட்டேன். ஆமாம். நாற்காலியும் என் அக்கா பிள்ளைக்குச் சித்தி. சிரிப்பு நின்றுவிட்டது. பொய்த் தகவலை மறுபடி பார்த்தேன், அப்போதுதான் தெரிந்தது, என் பெயரின் முதல் எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக அடித்திருக்கிறேன். சர்டிபிகேட்டில் எழுதுகிற மாதிரி, பெயர் என்றால் பெரிய எழுத்து என்று ஒண்ணாம் வகுப்பில் கையைப் பிடித்து எழுதவைத்த மாதிரி. மற்ற வரிகளில் எல்லாம் பார்த்துப் பார்த்துச் சின்ன எழுத்து, இந்த வரியில் மட்டும் கை தானாகப் போய்விட்டது. இந்த மொழியில் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது பெயர் இல்லை. அது வெற்றிடம். யாரோ ஒருவர், யாராக இருந்தாலும் சரி என்று பொருள். சண்முகவேலுக்கு மனைவி, யாராக இருந்தாலும் சரி, புள்ளி.

"ரேணு." அப்பாவின் கால் திரைக்குக் கீழே தெரிகிறது, பெருவிரல் நகம் கறுத்துப்போனது. எப்போது வந்து நின்றார். "ரேணு, பாப்பா தூங்குதாளா?" தூங்குகிறாள் என்று சொல்வதற்குப் பதில் மகியின் வாயோரத்தைத் துடைத்துவிடுகிறேன். "உனக்குத் தெரியாதது இல்ல. அத்தை பேசிக்கிட்டு இருந்தது காதுல விழுந்திருக்கும்." விழுந்தது. "வெளியில யாரோ எவரோன்னா நானே யோசிப்பேன். மாப்பிள்ளை நம்ம பிள்ளை மாதிரி." அப்பாவின் குரல் நடுங்குகிறது, ஐயோ, அவர் அழுதால் நான் என்ன செய்வேன், அக்கா போனபோதுகூட அவர் அழவில்லை, சாமியானா போடுகிறவனோடு சண்டைதான் போட்டார். வேண்டாம் என்று மூன்று எழுத்தோ நான்கு எழுத்தோ, சொல்லிவிட்டால் முடிந்தது, மகி, மகியின் கண், எந்தக் கண். கூடத்தில் போன் அடிக்கிறது. அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கத்தித்தான் பேசுவார். "ஆ, சம்மந்தியம்மா, சொல்லுங்க, சொல்லுங்க. இல்ல, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒரு நிமிசம்." கால் மறுபடி திரைக்குக் கீழே வந்து நிற்கிறது. "என்ன ரேணு, லைன்ல இருக்காக. சம்மதம்னு சொல்லிரட்டுமா?" திரை உப்புகிறது, ஒட்டுகிறது. இல்லை என்று நினைத்துக்கொண்டேன், எவ்வளவு தெளிவாக நினைத்தேன், மண்டைக்குள் இடி மாதிரி கேட்டது, ஆனால் நினைத்தால் யாருக்கு. அதே நேரம் பாயில் மகி புரண்டு, கண்ணைத் திறக்காமலேயே, "சித்தி" என்றாள். "ம்" என்றேன்.

அது மகிக்கு. எப்போதும் சொல்வது, தூக்கத்தில் கூப்பிடுவாள், ம் என்றால் போதும், இருக்கிறேன் என்று அர்த்தம், மறுபடி தூங்கிவிடுவாள். கூடத்தில் அத்தை, "ம்முன்னுட்டா! சொல்லு, சொல்லு, வச்சிறப் போறாக!" என்றாள். அப்பா திரும்பிவிட்டார், கால் போய்விட்டது. "சம்மந்தியம்மா, பிள்ளைக்குச் சம்மதம்தானாம்." போனுக்குள் ஒரு மூச்சு, பிறகு அந்தப் பக்கம் சாத்தூர் அத்தை அழுகிறாள், முருகா முருகா என்கிறாள், என் பேத்திக்குத் தாய் வந்துட்டா என்கிறாள். நான் எழுந்திருக்கிறேன். லேப்டாப் வயர் காலில் மாட்டி இழுத்தது, அதன் திரை கறுத்தது, போகட்டும். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நிற்கிறேன். அத்தை என்னைப் பார்த்துக் கன்னத்தைத் தடவுவதுபோல் காற்றில் கையைச் சுழற்றி நெற்றிப்பொட்டில் சொடுக்கினாள். "அப்பா, அது மகிக்கு" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. அப்பா போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத வெளிச்சம், அதைப் பார்க்காதே, பார்த்தால் முடிந்தது. "அப்பா." "இருட்டி, பேசிக்கிட்டு இருக்கேன்லா." "வர்ற தையிலேயே வச்சிருவோம்" என்கிறது போன், "ஆமா, ஆமா, தையிலேயே" என்கிறார் அப்பா. நான் வாயைத் திறந்தேன்.

"எனக்குச் சம்மதம் இல்ல! யாரும் என்னைக் கேக்கல. அது பிள்ளைக்குச் சொன்னது. எனக்கு வேண்டாம்ப்பா, வேண்டாம்!"

சுவரில் பட்டுத் திரும்பியது. அத்தையின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. போனுக்குள் அழுகை நின்று, "யாரு அது?" என்றது. அப்பாவும் அதே சந்தேகத்தோடுதான் என்னைப் பார்த்தார், இந்த வீட்டில் இப்படிப் பேச ஒருத்திதான் இருந்தாள், அக்கா. அடுக்களையில் பாத்திரம் ஒன்று உருண்டது. ஊதாப் பூப்போட்ட நைட்டியோடு அம்மா ஓடி வந்தாள், கை முழுக்கக் காபித்தூள், வாய் முழுக்கச் சிரிப்பு, ஒரு வருஷமாக யாரும் சொல்லாத பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டு, "மேனகா! ஏட்டி மேனகா!" வந்தவள் கூடத்தின் நடுவில் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால், அறைக்குள் பார்த்தாள், இங்கேதானே கேட்டது, எங்கே என்று. சிரிப்பு இன்னும் போகவில்லை.

"யாரு பேசுதது?" என்று போன் மறுபடி கேட்டது.

"ரேணுகா" என்றேன். அம்மா சிரிப்பு மாறாமல் என் தோளுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன்.